பாண்டி பீச்சில் நிற்பது செஞ்சித் தூண்கள்... அவை புறப்பட்ட ஊருக்கு ஒரு நாள் போய் வரலாமா?

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை மாலை. காந்தி சிலைக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக செல்பி நடக்கிறது. பஞ்சுமிட்டாயுடன் குழந்தை, கூலிங் கிளாஸுடன் அப்பா, காற்றில் பறக்கும் துப்பட்டாவைப் பிடித்தபடி அக்கா. அந்தப் படங்களில் கட்டாயம் இடம்பிடிக்கும் இன்னொன்றும் உண்டு. சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள். வேலைப்பாடு நிறைந்த, ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள்.

இவை எந்த ஊர்த் தூண்கள் என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலே ஆச்சரியம்தான்.

இவை செஞ்சித் தூண்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலில் இருந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து பெயர்த்து எடுத்துவந்தார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற கவர்னர் டூப்ளேவுக்குக் கடற்கரையில் சிலை வைத்தபோது, அலங்காரத்துக்கு இவற்றைச் சுற்றிலும் நிறுத்தினார்கள். பின்னால் டூப்ளே கடற்கரையின் தென்கோடிக்கு இடம் மாறினார். காந்தி வந்தார். தூண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அதோடு முடியவில்லை. பாண்டிச்சேரியின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலை ஒட்டிய சாலைக்குப் பெயர் செஞ்சி சாலை. ஊருக்குத் தெற்கே கடலில் கலக்கும் சங்கராபரணி ஆற்றுக்கு இன்னொரு பெயர் செஞ்சி ஆறு. செஞ்சிக்கு மேற்கே உள்ள மலைப்பக்கம் தோன்றி, வீடூர் அணை வழியாகப் பாண்டிச்சேரி வருகிறது. கல், தண்ணீர், சாலைப் பெயர் என்று செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்தவை ஏராளம். பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக்குப் போக வேண்டியவர்கள்தான் போவதில்லை.

இத்தனைக்கும் தூரம் 70 கிலோமீட்டர் சொச்சம்தான்!

ஜன்னல் வழியே பார்த்த ஊர்

செஞ்சியைப் பார்க்காத வட தமிழ்நாட்டுக்காரர்கள் குறைவு. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக. சென்னையிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்கள் திண்டிவனம் தாண்டி செஞ்சி வழியாகத்தான் போகின்றன. பாண்டிச்சேரி - பெங்களூரு பஸ்களுக்கும் இதுதான் பாதை. செஞ்சி பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். வேர்க்கடலை, வெள்ளரிப்பிஞ்சு ஏறும். வண்டி கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனதும், சாலையே கோட்டை மதிலை அறுத்துக்கொண்டு உள்ளே நுழையும். இரண்டு பக்கமும் பாறை மேல் பாறை அடுக்கிய குன்றுகள். 'அதோ பாரு, தேசிங்கு ராஜா கோட்டை' என்று அப்பா கையை நீட்டிக் காட்டுவார். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதற்குள் கோட்டை பின்னால் போய்விடும். அடுத்த நிறுத்தம் அண்ணாமலையார்.

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் சிறிய பேரூராட்சி இது. பெரிய ஹோட்டல்கள் கிடையாது. ரயில் கிடையாது, திண்டிவனம் - திருவண்ணாமலை புதிய ரயில் பாதை பல ஆண்டுகளாக அறிவிப்பாகவே இருக்கிறது. நெல்லும் வேர்க்கடலையும்தான் ஊரின் ஜீவன். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் முன்னால் நெல் மூட்டை வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால், இந்த ஊருக்குச் சுற்றுலாவைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை என்று தோன்றும்.

ஆனால், இப்போது யோசித்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுக் கூட்டத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒன்று செஞ்சி. மாமல்லபுரம், தஞ்சைப் பெரியகோயில், நீலகிரி மலை ரயில் வரிசையில் இப்போது இந்தச் சின்ன ஊரும்!

கொடி ஏறிய ராத்திரி

பிரெஞ்சுக்காரர்களுக்கு செஞ்சியில் என்ன வேலை? அந்தக் கதை ஒரே ராத்திரியில் நடந்தது.

1750. ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு தரப்பு மோதிக்கொண்டிருந்தன. ஒரு தரப்புக்குப் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் துணை. மறுதரப்பில் முகமது அலி. அவருக்கு ஆங்கிலேயர் துணை. செப்டம்பர் தொடக்கத்தில் திருவதிகைப் பக்கம் நடந்த சண்டையில் முகமது அலியின் படை சிதறியது. தப்பியவர்களில் பெரும்பகுதி செஞ்சிக்கு ஓடிவந்து கோட்டையடியில் கூடாரம் போட்டது. அவர்களைத் துரத்திப் பிடிக்க டூப்ளே அனுப்பிய இளம் தளபதியின் பெயர் புஸ்ஸி. இன்றைக்கும் பாண்டிச்சேரியில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது.

செப்டம்பர் 11. புஸ்ஸியின் சிறிய படை எதிரியைக் கோட்டை வாசல்வரை விரட்டிக்கொண்டு போனது. வாசலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உள்ளே நுழைந்தாகிவிட்டது. ஆனால், மூன்று குன்றுகளின் மேலிருந்தும் குண்டு மழை. தெருக்களில் ஒதுங்கி நின்று இருட்டுவதற்குக் காத்திருந்தார்கள். நிலவு சாய்ந்ததும் மூன்று அணியாகப் பிரிந்து, மூன்று குன்றுகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிந்தபோது மூன்றிலும் பிரெஞ்சுக் கொடி!

ஔரங்கசீப்பின் படை இதே கோட்டையை வெளியே நின்று எட்டு வருடம் முற்றுகையிட்டது. அதை ஒரு ராத்திரியில் பிடித்தார்கள் என்ற செய்தி தென்னிந்தியா முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நடந்த மோதலில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் தன் தரப்பு நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். டூப்ளேவின் கை ஓங்கியது. அந்தக் கால நிலவரத்தை ஒரு தமிழரின் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள், டூப்ளேவின் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைத் தேடிப் படிக்கலாம்.

செஞ்சி பிரெஞ்சுக்காரர்களிடம் ஏறத்தாழ 11 வருடம் இருந்தது. 1752இல் ஆங்கிலேயர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பினார்கள். ஆனால், கோட்டையைக் காத்த பிரெஞ்சு வீரர்களுக்கு வேறொரு எதிரி இருந்தது. காய்ச்சல். மலையடி நீரும் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் பலர் இங்கேயே இறந்துபோனார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. அவர்கள் பலப்படுத்திய கிழக்கு வாசலுக்குப் 'புதுச்சேரி வாசல்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வடக்கில் இருப்பது வேலூர் வாசல் அல்லது ஆற்காட்டு வாசல்.

அன்றைக்குப் பிரெஞ்சுக் கொடி ஏறிய ஊருக்கு, 275 வருடம் கழித்து பாரிஸிலிருந்தே உலக அங்கீகாரம் வந்து சேர்ந்திருப்பதை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கே தொடங்குவது?

பஸ்ஸில் வருபவர்கள் கண்டக்டரிடம் 'கோட்டை ஸ்டாப்பிங்' என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவையுங்கள். எல்லா வண்டியும் நிற்காது. நிற்காவிட்டால் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். பௌர்ணமியன்று மட்டும் இந்தப் பாதையில் வர வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது.

சாலைக்கு ஒரு பக்கம் ராஜகிரி. மறுபக்கம் கிருஷ்ணகிரி. மூன்றாவது சந்திராயன் துர்க்கம். மூன்று குன்றுகளையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில்களின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புவார்கள். ராஜகிரியா, கிருஷ்ணகிரியா என்று முதலிலேயே முடிவெடுப்பது நல்லது. தாத்தா பாட்டியுடன் வருபவர்கள் அடிவாரத்துக் கட்டடங்களோடு நிறுத்திக்கொண்டாலும் அரை நாள் போவது தெரியாது.

அடிவாரத்தில் முதலில் கண்ணை இழுப்பது கல்யாண மஹால். சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து, உச்சியில் கூம்பிய கூரையோடு நிற்கும் கோபுரம். அரச குடும்பத்துப் பெண்கள் தங்கியதாகச் சொல்கிறார்கள். இதில் வியக்க வேண்டியது அழகு மட்டுமில்லை, பிளம்பிங்! மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாக மேல் மாடிகள்வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில்! நீர்நிலையின் மட்டத்தைக் கணக்கிட்டு, அந்த உயரம்வரை தண்ணீர் தானாக ஏறும்படி செய்திருக்கிறார்கள். அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுபவர்கள் இங்கே ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம், பிரமாண்டமான நெற்களஞ்சியம், யானைக்குளம், குதிரை லாயம். களஞ்சியத்தின் சுவர்க் கனத்தைப் பார்த்தாலே புரியும், முற்றுகையில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று. கொஞ்சம் தள்ளி 1717 வாக்கில் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் மசூதி. ஒரே வளாகத்தில் பெருமாள் கோயில், மசூதி, பீரங்கி மேடை எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பது செஞ்சியின் தனி அழகு.

மேலே ஏறுவோமா?

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஏறத் தொடங்கினால் தெரியும்! படிகள் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் வளைந்து வளைந்து போகும். வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். ஒவ்வொரு வாசலும் நேராகத் திறக்காமல் பக்கவாட்டில் திரும்பும். யானையோ ஆளோ வேகமெடுத்து வந்து மோத முடியாதபடி செய்த ஏற்பாடு. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான், இதைக் கையில் துப்பாக்கியோடு இருட்டில் ஏறியவர்களின் நிலைமை புரிகிறது.

பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். கோட்டை யார் கைக்கு மாறினாலும் இடம் மாறாமல் இருப்பவள் இவள்தான். சித்திரையில் திருவிழா. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் டூரிஸ்ட்டாக இல்லாமல் பக்தர்களாக இந்தப் படிகளில் ஏறுவார்கள்.

உச்சிக்குச் சற்று முன்பு கோட்டையின் மாஸ்டர் பிளான். மலை அங்கே இரண்டாகப் பிளந்திருக்கிறது. நடுவே பள்ளம். ஒரு பாலத்தைப் போட்டால்தான் அந்தப் பக்கம் போக முடியும். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடலாம். பத்துப் பேர் இருந்தால் போதும், ஒரு படையையே நிறுத்தலாம். இன்றைக்கு நிரந்தரப் பாலம் இருக்கிறது. கீழே எட்டிப் பார்க்காமல் தாண்டுங்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பெரிய பீரங்கி. நான்கு பக்கமும் வயல், ஏரி, பனைமரம், பாறைக் குன்றுகள். ஆங்கிலேயர்கள் இதைக் 'கிழக்கின் டிராய்' என்று அழைத்ததற்குக் காரணத்தை மேலே நின்று கேட்டால் யாரும் விளக்கத் தேவையிருக்காது.

மூன்று விஷயங்களில் கவனம். ஒன்று, ராஜகிரி ஏற மதியத்துக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். வெயிலுக்கும் அதுவே நல்லது. இரண்டு, தண்ணீர். ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். மேலே கடை கிடையாது. மூன்று, குரங்குகள். கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் அது உங்களுடையது அல்ல, அவற்றினுடையது! பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வந்தால் வெயில் கருணை காட்டும். மே மாத லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாறை மலை ஏற்றுவது தண்டனை.

யாருடைய கோட்டை?

யுனெஸ்கோ அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. செஞ்சியை எப்படி 'மராட்டிய' கோட்டை என்று சொல்லலாம்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது இந்த மண்ணின் வரலாற்று மரபு. அவருக்குப் பின் கிருஷ்ணக் கோன். அவர் பெயரில்தான் கிருஷ்ணகிரி. பிறகு குறும்பர், விஜயநகரம், செஞ்சி நாயக்கர்கள். இன்று நாம் பார்க்கும் அரண்மனைகளும் கோயில்களும் களஞ்சியங்களும் பெரும்பாலும் நாயக்கர் காலத்தவை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த பிமெண்டா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதிவைத்தார். செஞ்சிக்கு வந்த முதல் வெளிநாட்டு டூரிஸ்ட்களில் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்.

1649இல் பிஜப்பூர் சுல்தான்கள். 1677இல் சிவாஜி. மதில்களை இறுக்கிப் பலப்படுத்தியது அவர் காலத்தில். சிவாஜி இறந்த பிறகு, மகாராஷ்டிராவை மொகலாயர் சூழ்ந்தபோது அவர் மகன் ராஜாராம் தப்பி வந்து தங்கியது செஞ்சியில். 1690 தொடங்கி 1698 வரை முற்றுகை. அந்த வருடங்களில் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரமே செஞ்சிதான். மகாராஷ்டிராவிலிருந்து இன்றும் வேன் பிடித்து வருபவர்கள் ராஜகிரிப் படியைத் தொட்டுக் கும்பிடுவது இதனால்.

மராட்டியர் இங்கு இருந்தது சுமார் 20 வருடம். பிரெஞ்சுக்காரர்கள் 11 வருடம். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால், கோட்டை இவர்கள் யாருடையதும் இல்லை. வெறும் பத்து மாதம் ஆண்ட ஒரு 22 வயதுப் பையனுடையது!

ராஜா தேசிங்கு. அப்பா சொரூப் சிங் புந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் மகன் ஆட்சிக்கு வந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார், தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபரில் சண்டை. பெரிய படைக்கு எதிரே சில நூறு பேரோடு போய் இறந்தார். அவருடைய நண்பர் மகமத்கான் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கூடவே போரிட்டு மாண்டார் என்று கதைப்பாடல் சொல்கிறது. குதிரையின் பெயர் நீலவேணி. மகமத்கானின் சமாதியும் குதிரையின் சமாதியும் செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் இருக்கின்றன. தேசிங்கின் இளம் மனைவி செட்டிக்குளக்கரையில் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உருவாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை. 1960இல் எம்.ஜி.ஆர் நடிப்பில் 'ராஜா தேசிங்கு' படம் வந்த பிறகு, தமிழ்நாட்டுக்கே செஞ்சி என்றால் தேசிங்குதான் என்றாகிவிட்டது.

யுனெஸ்கோ பட்டியலில் ஒரு பெயர்தான் போட முடியும். கோட்டைக்குள் நடப்பவருக்கு எல்லாப் பெயரும் தேவை. வாசலில் வைக்கும் தகவல் பலகையிலாவது ஆனந்தக் கோனில் தொடங்கி எல்லோரையும் எழுதினால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

ஒரு ராத்திரி தங்கினால்?

இனி ஊருக்கு வருவோம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டத்தால் செஞ்சி ஊருக்கு என்ன கிடைக்கும்?

இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். காலையில் வேன் வரும். புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கோட்டை பார்ப்பார்கள், மரத்தடியில் சாப்பிடுவார்கள், நாலு மணிக்குத் திருவண்ணாமலைக்கோ பாண்டிச்சேரிக்கோ கிளம்பிவிடுவார்கள். அறை வாடகை அங்கே. ராத்திரிச் சாப்பாடு அங்கே. செஞ்சிக்கு மிஞ்சுவது டீயும் வெள்ளரிப்பிஞ்சும் விற்ற காசு, கூடவே தூக்கியெறிந்த தண்ணீர் பாட்டில்கள்.

பிரான்ஸில் இதே பிரச்னை கிராமங்களுக்கு வந்தது. பாரிஸுக்கும் கடற்கரைக்கும் போகும் கூட்டம் உள்நாட்டுச் சிற்றூர்களில் இறங்குவதில்லை. 1982இல் கொலோஞ் லா ரூஜ் என்ற செங்கல் நிறக் கல் வீடுகள் கொண்ட கிராமத்தின் மேயர், அழகான சிற்றூர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ஊரில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்தச் சங்கத்தின் பலகை ஊர் எல்லையில் இருந்தால், பயணிகள் காரைத் திருப்பி உள்ளே வருகிறார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத ஊர்களும் உண்டு. சதுக்கத்தில் வாரம் ஒருநாள் கூடும் சந்தை, பேக்கரி, பழைய தேவாலயம், நாலு அறை உள்ள விடுதி. அதற்காகவே ஒரு ராத்திரி தங்குகிறார்கள். அதே பிரான்ஸில் கர்கசோன் கோட்டை 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இரட்டை மதில் கொண்ட அந்தக் கோட்டைக்குள் இன்று கோடையில் கால் வைக்க இடமில்லை. சந்தெல்லாம் பிளாஸ்டிக் வாள் விற்கும் பொம்மைக் கடைகள். பட்டம் வந்தால் எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது.

செஞ்சியிலும் வாரச்சந்தை உண்டு. வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கும். தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் நேரத்தில் வியாபாரிகள் வெளியூர்களிலிருந்து லாரியோடு வருவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது, பேரம் முறிந்து மறுபடி கூடுவது எல்லாம் நேரில் பார்க்க வேண்டிய காட்சி. வெளிநாட்டில் காசு கொடுத்து இப்படிப்பட்ட சந்தையைச் சுற்றிப் பார்ப்பார்கள். இங்கே அது வெறும் வெள்ளிக்கிழமை.

ஒரு ராத்திரி தங்கினால் பார்க்க இன்னும் எவ்வளவோ. ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம். குன்றைக் குடைந்த குகையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கு போருக்குப் புறப்படும்போது வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இங்கே சொல்லும் கதை. ஊரை ஒட்டியே திருநாதர் குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய பழமையான கல்வெட்டும் அங்கே உண்டு. செஞ்சி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் பெருமையோடு கல்வெட்டில் சொல்லும் குகைக்கோயில்.

தங்குவதற்கு பஸ் நிலையத்தைச் சுற்றிச் சில லாட்ஜ்கள் இருக்கின்றன. ரிசார்ட் கனவோடு வராதீர்கள். குடும்பத்தோடு வருபவர்கள் அறையை முதலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. காலை இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. அதற்குக் குறைவில்லை. நல்ல கழிப்பறையும், கோட்டை வாசலிலிருந்து ஊருக்குள் போக ஒரு மினி பஸ்ஸும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் வந்தால் தங்க யோசிப்பவர்கள் யோசிக்க மாட்டார்கள். பட்டம் கிடைக்கும் முன்பு, 2024 செப்டம்பரில் ஐகோமாஸ் நிபுணர் தென் கொரியாவிலிருந்து வந்து கோட்டையை ஆய்வு செய்தார். அப்போது பாதைகள் சுத்தமாகின. அந்தச் சுத்தம் சாதாரண செவ்வாய்க்கிழமையில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

தூண்கள் புறப்பட்ட இடம்

கடைசியாக ஒரு இடம். வந்தவர்களில் பலர் தவறவிடுவது இதைத்தான். ராஜகிரிக்கு ஏறி இறங்கிய களைப்பில் நேராக வண்டிக்குப் போய்விடாதீர்கள். கீழ்க்கோட்டையில், புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கிறது வேங்கடரமணர் கோயில். கோட்டைக்குள் இருக்கும் கோயில்களில் பெரியது. கோபுர வாசலின் உள்சுவரில் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சதுரங்களாகச் செதுக்கியிருக்கின்றன. பிள்ளைகளிடம் ராவணனைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கால் மணிநேரம் சத்தம் இருக்காது.

உள்ளே விரிந்த பிராகாரம். நடந்துகொண்டே வந்தால் மண்டபங்களில் சில இடங்கள் பொக்கென்று இருப்பது தெரியும். பாண்டிச்சேரி பீச்சில் நிற்கும் தூண்கள் இங்கிருந்துதான் போயின. மேல்சித்தாமூர் சமணக் கோயிலின் முன் நிற்கும் உயரமான ஒரே கல் தூணும் இங்கிருந்து போனதாக ஆங்கிலேயர் காலத்து மாவட்டப் பதிவு சொல்கிறது. மிச்சம் இருக்கும் தூண்களின் நிழலில் மதியம் மூன்று மணிக்கும் குளுமையாக இருக்கிறது. கூட்டம் கிடையாது. எங்கோ ஒரு மயில் கத்தும். மதிலுக்கு அந்தப் பக்கம் திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

ஐந்து மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள். வியாழக்கிழமை வந்திருந்தால், ராத்திரி தங்கி விடியற்காலை சந்தைக்குப் போய்விடுங்கள். ஆறு மணிக்குள் போனால்தான் ஆடுகளைப் பார்க்கலாம். அதற்குமேல் காலியான கயிறுகள்தான் இருக்கும்.